பருப்பு டப்பாவில் பத்துப் பூச்சிகள்

காலை 7.10. திண்டிவனத்தில் புதுச்சேரிப் பேருந்து ஏறினேன். நாற்பது கிலோமீட்டர்தான். மடியில் பருப்பு டப்பா. உள்ளே எங்கள் பூந்தொட்டிகளுக்கு அடியில் பொறுக்கிய பத்துப் பூச்சிகள். தொட்டால் பந்தாகச் சுருளும் சாம்பல் நிறப் பூச்சி. இவற்றின் குடும்பத்தில் சில, சுருண்டபின் ஒலியும் எழுப்புமாம். நம் ஊர்ப் பூச்சி எந்த வகை என்று பார்க்க, விலங்கியலில் ஆய்வு செய்யும் என் மகள் கயல் அவற்றை உயிரோடு கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன் வில்லியனூர் சாலையில் ஒரு லாரி அவள் ஸ்கூட்டரை உரசியது. முறிந்த அவள் தோள் எலும்பு கூடிவிட்டது. நான்தான் இன்னும் ஹாரன் கேட்டால் கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன்.

8.30. புதுச்சேரி. மூலக்குளத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். மெதுவாகப் போகும்படி மூன்று முறை சொன்னேன்.

"இதுக்கு மேல மெதுவா போனா, நடந்து போறவங்க நம்மள தாண்டிப் போயிடுவாங்கம்மா" என்றார் ஓட்டுநர்.

9.00. கயலின் அறை. டப்பாவைத் திறந்ததும் அவள் முகம் மாறியது. வண்டு விழாமல் பருப்பைக் காப்பது போலவே செய்திருந்தேன்: டப்பாவை வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலையும் போட்டு. பத்தும் அசையாமல் கிடந்தன.

"ம்மா, இது பூச்சியே இல்ல. எறா, நண்டுக்கெல்லாம் சொந்தம். ஈரம் இல்லன்னா மூச்சு வுட முடியாது."

ஈரத்துணியில் அவற்றைப் பரப்பி, கிண்ணம் கவிழ்த்தாள். காத்திருந்த நேரத்தில் எனக்குப் பாடம் நடந்தது. மொத்தம் ஏழு ஜோடிக் கால்கள். ஒலி எழுப்பும் வகைக்கு நாலாவது, ஐந்தாவது ஜோடியில் செதில்கள் வரிசையாக நின்று விளிம்பு கட்டியிருக்கும். சுருண்டதும் அதை முதுகு ஓட்டின் உள்பக்கம் தேய்க்கும். அந்த விளிம்பை வைத்தும் வகை பிரிக்கிறார்களாம். பாதி என் காதில் ஏறவில்லை. நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

10.15. கிண்ணத்தை எடுத்தபோது ஒன்று மீசையை ஆட்டியது. பிறகு இன்னொன்று. ஏழு பிழைத்தன. கயல் ஒன்றைத் தொட்டாள், சுருண்டது. என் காதருகே பிடித்தாள். சத்தமே இல்லை. உருப்பெருக்கியில் கால்களைப் பார்த்தாள், விளிம்பும் இல்லை.

"இது சத்தம் போடாத வகைம்மா" என்று சிரித்தாள். "நீதான் சத்தம் போடற வகை."

மாலை 4.00. பேருந்து நிலையத்துக்கு ஸ்கூட்டரிலேயே கொண்டுவிடுவதாகச் சொன்னாள். விபத்துக்குப் பிறகு அவள் பின்னால் நான் ஏறியது அதுவே முதல்முறை. வில்லியனூர் சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தன. காலி டப்பாவை நெஞ்சோடு அணைத்து, நிலையம் வரை வாயே திறக்கவில்லை.

இறங்கியதும் கயல் திரும்பிப் பார்த்தாள். "இன்னாம்மா, வகை மாறிட்டியா?"

நான் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்த பிறகுதான், ஸ்கூட்டரைக் கிளப்பிய கயலிடம் ஹெல்மெட்டின் வாரை மாட்டச் சொல்லி, நிலையமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.