மேல் திருகின் உயரம்

எர்வின் லாம்ப்ரைட். பிறப்பு: 1967 மார்ச் 4, அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், லக்ரேஞ்ச் மாவட்டம். ஒன்பது பிள்ளைகளில் ஏழாமவர். 1981இல் எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. 1986 ஆகஸ்டில் டொபீகா ஊரிலுள்ள வீட்டுவண்டி ஆலையில் சேர்ந்தார். 1990இல் வில்மாவை மணந்தார். ஒரே மகள், கென்டக்கி மாநிலத்தில் இருக்கிறாள். 2019 அக்டோபர் 17, வியாழக்கிழமை, ஆலையில் சுவர் அலமாரி ஒன்றைத் தூக்கியபோது வலத்தோளின் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதங்களுக்குப் பிறகு, மருத்துவர் அவரைச் சுவரோரம் நிறுத்திக் கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்து உயர்த்தச் சொன்னார். கை அதற்குமேல் போகாமல் நின்ற இடத்தில் பென்சிலால் கோடிட்டார். தரையிலிருந்து ஐம்பத்திரண்டு அங்குலம்.

மேற்கண்டவற்றையும் இனி வரும் அளவுகளையும் எர்வின் காலை உணவுத் தானியம் வரும் அட்டைப்பெட்டிகளின் உட்புறத்தில், தச்சுப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். அப்படி இருபத்தேழு அட்டைகள் உள்ளன.

அந்த ஆலையில் உருவாகும் வண்டிகளில் ஒரு குடும்பம் உறங்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம். மிகப் பெரியது முப்பத்தெட்டு அடி. நிறுத்திய இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதன் பக்கச் சுவர் வெளியே நகர்ந்து, கூடம் இன்னும் அகலமாகும். முப்பத்துமூன்று ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு எர்வின் அலமாரி பொருத்தியிருக்கிறார். அவருடைய ஆமிஷ் சபை, ஜெர்மன் பேசும் முன்னோர் கொண்டுவந்த பழைய கிறிஸ்தவ சபை; அந்தச் சபையார் மோட்டார் வண்டி ஓட்டுவதில்லை. அவரும் அவற்றில் ஒன்றைக்கூட ஓட்டியதில்லை.

பெரிய வண்டியைக் கட்டும் முறை எளிது. முதலில் தரை. பிறகு அடுப்பு, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் அந்தத் தரையின்மேல் நிறுத்துவார்கள். சுவர்களும் கூரையும் கடைசியில் வரும். கூலி அடிக்கணக்கில்: வண்டியின் நீளம் எத்தனை அடியோ, அத்தனை பங்கு அந்தக் குழுவுக்கு. அன்றைய எண்ணிக்கை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். ஆகவே யாரும் நடப்பதில்லை, ஓடுவார்கள். பகல் ஒன்றரை மணிக்கு, ஆட்களை ஏற்றிப்போகும் வாடகை வேன் வாசலில் வந்து நிற்கும்.

இந்த ஓட்டத்தில், கை உயராமல் ஏணி போட்டு ஏறி இறங்கும் ஒருவருக்கு இடமில்லை. 2020 முதல் எர்வின், எச்சரிக்கை வில்லைகளை ஒட்டும் மேசையில் இருந்தார். அந்த வேலையைச் செய்ய ஒரு இயந்திரம் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அது வந்தால் அவருக்கு ஆலையில் வேறு மேசை இல்லை. அந்தத் தோளை வைத்துக்கொண்டு மாவட்டத்தின் வேறு எந்த ஆலையிலும் நுழையவும் முடியாது.

2022 பிப்ரவரி 14 அன்று ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த ஒரு வீட்டுவண்டியை ஆலைக்குள் இறக்கினார்கள். நீளம் பதினாறு அடி. ஏற்கெனவே மூடிய ஒரு சரக்கு வேனுக்குள் கட்டில், அடுப்பு, தொட்டி எல்லாம் செருகப்பட்டிருந்தன. கூரையை மேலே தள்ளினால் ஒரு துணிக்கூடாரம் விரியும். தள்ளாவிட்டால் குனிந்துதான் நிற்க வேண்டும்.

அலமாரிக் குழுவின் மெர்வ் ஷ்ராக், இருபத்தொன்பது வயது, எர்வினின் சபைக்காரன், அதைச் சுற்றி ஒரு முறை நடந்தான்.

"எர்வின், இது வண்டியா, கோழிக்கூடா?"

"கோழிக்கூடுன்னா கோழியாவது நிமிர்ந்து நிக்கும்."

"ஜெர்மன்காரன் இதுல எங்க குளிப்பான்?"

"பின்னாடி ஒரு குழாய் இருக்கு பாரு. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு வெளியில நின்னு குளிப்பான்."

"இந்தக் குளிர்லயா? அதான் நம்ம தாத்தனெல்லாம் கப்பலேறி இங்க வந்துட்டாங்க."

உற்பத்தி வரிசையின் மேலாளர் ரிக் டால்டன் கையில் தடித்த கையேட்டோடு வந்தார். அது முழுக்க ஜெர்மன் மொழி.

"உங்க சபையில பாட்டு, வேதம் எல்லாம் ஜெர்மன்லதானே? இதைப் படிப்பியா?"

எர்வின் இரண்டு பக்கங்களைப் புரட்டினார். "அடுப்பு, தண்ணி, விளக்கு, இதெல்லாம் வேதத்துல இருக்கு ரிக். ஃபியூஸ் பத்தி சங்கீதத்துல ஒண்ணும் வரல."

"வந்த வரைக்கும் படி. பிரிச்சுப் பாரு, எப்படிச் செஞ்சான்னு எழுது. இதே மாதிரி நாம செய்யப்போறோம்."

பதினொரு நாள்களில் எர்வின் அதைத் தனியாகப் பிரித்தார். தனியாகத்தான் முடியும், உள்ளே இரண்டாவது ஆள் நுழைந்தால் முதல் ஆளின் முழங்கை அவன் விலாவில் படும். 412 பாகங்களுக்கு எண் கொடுத்தார். எதை முதலில் உள்ளே கொண்டுபோக வேண்டும், எதைச் சாய்த்து, எதைத் திருப்பிக் கதவு வழியே நுழைக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தினார். ஒன்பதாம் அட்டையில் ஒரே ஒரு வரி அடிக்கோடிடப்பட்டிருக்கிறது: அலமாரியின் மேல் திருகு, தரையிலிருந்து நாற்பத்தொன்பது அங்குலம்.

அன்று மாலை அவர் வில்மாவிடம், "என் கைக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு" என்றார்.

வில்மா நூடுல்ஸை உருளைக்கிழங்கு மசியலின்மேல் போட்டுக்கொண்டிருந்தாள். "ஜெர்மன்காரனுக்கு உன் தோளைப் பத்தித் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ உனக்காகச் செய்யல. சாப்பிடு."

ஏப்ரலில் சிறிய வண்டிக்கென ஆறு பேர் கொண்ட தனி வரிசை தொடங்கியது. அலமாரிக்கு எர்வினும் மெர்வும். எர்வின் உள்ளே மண்டியிட்டுப் பொருத்துவார். மெர்வ் வாசலில் நின்று பலகைகளை எண்படி நீட்டுவான். எர்வின் பொருத்திய கதவுகள் ஒரு தாளளவு இடைவெளியில் மூடின. மே மாதம் முழுவதும் அவர் வலிமாத்திரை சாப்பிடவில்லை என்று ஓர் அட்டை சொல்கிறது.

ஆனால் சிறிய வண்டி ஒன்றுக்கு நாற்பத்தாறு மணி நேர உழைப்பு. முப்பத்தெட்டு அடி வண்டிக்கு அதைவிட ஆறு மணிதான் அதிகம். கூலியோ பதினாறு அடிக்கு. அதோடு, பெரிய வரிசை ஒன்றரைக்கு முடிந்து வேன் புறப்பட்டுவிடும்; சிறிய வரிசை நான்கு மணிக்கும் முடியாது. எர்வின் பதினொரு மைல் சைக்கிளில் வீட்டுக்குப் போனார். ஜூனில் இருவர் பெரிய வரிசைக்கு மாறிக்கொண்டார்கள். ஜூலையில் மெர்வ் வாசலில் பலகையை வைத்துவிட்டு, சொல்லத் தயங்கி நின்றான்.

"போறேன்னு சொல்லத்தானே நிக்கறே?" என்றார் எர்வின் உள்ளேயிருந்து.

"உன்கூட வேலை செய்யறது எனக்குப் பிடிக்குது எர்வின். வீட்டுல இருக்கிற மூணு வாய்க்குத்தான் பிடிக்கல. நாலாவது வேற வருது."

"ஒரு வாரம் பொறு."

மறுநாள் எர்வின் ரிக்கின் அறைக்குப் போனார். முப்பத்தாறு ஆண்டுகளில் அவராகவே மேலாளர் அறைக்குப் போனது அதுதான் முதல் முறை.

"கூலியை அடிக்கணக்குல வைக்காம மணிக்கணக்குல வைக்க முடியுமா ரிக்?"

"சின்ன வரிசைக்கு மட்டும் மாத்தினா பெரிய வரிசை நாளைக்கே வந்து நிக்கும். முடியாது."

"அப்போ இப்படிச் செய்யலாமா? இதே வேன்ல அடுத்த அளவு ஒண்ணு வருது. ஒன்றரை அடி நீளம் கூட. உயரம் அதேதான். பின்னாடி ஒரு அலமாரி போட்டுடறேன். பசங்களுக்கு ஒன்றரை அடி கூலி கூடும், நிப்பாங்க."

ரிக் நாற்காலியில் சாய்ந்தார். "நீட்டறதுதானே? அதுக்கு மேலிடத்துல ஒருத்தனும் மாட்டேன்னு சொல்லமாட்டான்."

மெர்வ் நின்றான். போன இருவரில் ஒருவர் திரும்பி வந்தார். ஆகஸ்டில் வண்டியின் நீளம் பதினேழரை அடி; மேல் திருகு நாற்பத்தொன்பது அங்குலம்.

செப்டம்பரின் கடைசி வாரத்தில் நாடெங்குமிருந்து வியாபாரிகள் இந்தப் பக்கம் வந்து அடுத்த ஆண்டுக்கான வண்டிகளைப் பார்ப்பது வழக்கம். ஆலையின் மைதானத்தில் முப்பத்தெட்டு அடி வண்டிகள் பதினான்கு நின்றன. ஓரத்தில் சிறியது. கேள்விகளுக்குப் பதில் சொல்ல எர்வினை அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள். டெக்சாஸிலிருந்து வந்த ஒரு வியாபாரி உள்ளே நுழைந்து தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பெரியவரே, இதுல எத்தனை பேர் படுக்கலாம்?"

"ரெண்டு பேர்."

"ராத்திரி சண்டை வந்தா இன்னொருத்தர் எங்க போறது?"

"போக இடமில்ல. சமாதானம்தான் ஆகணும்."

"என் வீட்டுக்காரியைப் பார்த்திருந்தா இப்படிப் பேசமாட்டீங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "எங்க ஊர்ல வண்டி நிறுத்த இடம் வேணுங்கற அளவு கிடக்கு. அந்த ஜெர்மன்காரன் ஊர்ல எல்லாம் சந்து, அதனால குனியறான். நான் எதுக்குக் குனியணும்?"

எர்வின் தொப்பியைக் கழற்றி மீண்டும் போட்டுக்கொண்டார்.

ஐந்து நாள்களில் சிறிய வண்டிக்கு வந்த ஆணைகள் நான்கு. நான்கிலும் கூரையை உயர்த்தித் தரும்படி குறிப்பு இருந்தது.

அக்டோபர் 10 அன்று புதிய வரைபடம் வந்தது. இருபது அடி, நிரந்தரமான உயர்ந்த கூரை, கட்டிலுக்கு மேலே இரண்டு பக்கமும் அலமாரி. மேல் திருகு அறுபத்துமூன்று அங்குலம். எர்வின் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இது அது இல்லையே ரிக்."

"நீதானே முதல்ல நீட்டச் சொன்னே? அவங்களும் அதையேதான் கேக்கறாங்க. உன் யோசனை நல்லாத்தான் போகுது. வருத்தப்படாதே."

உண்மையில் நன்றாகத்தான் போனது. இருபது அடி வண்டிக்கு நவம்பரில் முப்பத்தொரு ஆணைகள். இப்போது உள்ளே இருவர் நிற்க முடிந்ததால் வேலை வேகமெடுத்தது, கூலி கூடியது, வேனையும் பிடிக்க முடிந்தது. மெர்வுக்கு மகன் பிறந்தான். வேலையில் மெர்வ் இப்போது வாசலிலிருந்து உள்ளே வந்து நின்றுகொண்டான். எர்வின் கீழ்த் திருகுகளைப் போட, மேல் திருகுகளைச் சொல்லாமலே அவன் போட்டான். ஒரு வண்டிக்கு நாற்பத்தெட்டு மேல் திருகுகள். எர்வின் இடக்கையால் பழகிப் பார்த்தார். திருகு சாய்ந்து பலகை பிளந்தது. அந்தப் பலகையை மெர்வ் யாரும் பார்க்காமல் மரத்தூள் தொட்டிக்குள் போட்டு மூடினான்.

டிசம்பரில், நேரத்தை அளக்க ஓர் ஆள் வந்து மூன்று நாள் வரிசையருகே நின்றான். அவன் போன பிறகு ரிக் மெர்வைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேர் திருகையும் நீதான் போடறியாமே?"

"இல்லையே. அவரும் போடறாரு."

"எத்தனை?"

மெர்வ் குனிந்து தரையில் கிடந்த ஒரு திருகை எடுத்தான். பொய் சொல்வது அவன் சபையில் வழக்கமில்லை.

2023 ஜனவரி 9 அன்று எர்வின் வில்லை மேசைக்குத் திரும்பினார். பிப்ரவரியில் இயந்திரம் வந்தது. அதே மாதம் சிறிய வரிசையின் அடுத்த வடிவம் தொடங்கியது: இருபத்துநான்கு அடி, மேல் திருகு எழுபத்தொரு அங்குலம். மார்ச் 10, வெள்ளிக்கிழமை, அவர் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். ரிக் கை குலுக்கினார். மறந்துபோய் வலக்கையைப் பலமாக ஆட்டினார். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

அந்த வசந்தத்தில் எர்வின் ஒன்பது ஆலைகளுக்கு சைக்கிளில் போனார். ஏழு இடங்களில் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். இரண்டு இடங்களில் வயதைக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கும் நின்றிருந்தவை பெரிய வண்டிகள்.

"அந்த ஒன்றரை அடியை நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார் ஒரு நாள், வில்மாவிடம்.

"கேக்காம இருந்திருந்தா பசங்க போயிருப்பாங்க. வரிசையும் போயிருக்கும்."

"ஆமா."

"அப்புறம் என்ன?"

"ரெண்டுலயும் நான் இல்ல" என்றார்.

வில்மா மகளுக்கு எழுதும் கடிதத்தை எடுத்தாள். வீட்டை விற்பது பற்றிய வரியை முன்பே எழுதி, அடித்துவிட்டிருந்தாள். இப்போது அதை மறுபடி எழுதினாள். வீடு ஆகஸ்டில் விலைபோயிற்று. டிசம்பரில் கென்டக்கிக்குப் புறப்படுவது என்று முடிவாயிற்று.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சபை கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில், சாப்பாட்டுக்குப் பிறகு, எர்வின் மெர்வின் பக்கத்தில் வந்து உட்காருவார். பையனைப் பற்றிக் கேட்பார், பனியைப் பற்றிப் பேசுவார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்போ எவ்வளவு?" என்பார். ஆரம்பத்தில் மெர்வ், "விடு எர்வின், ஞாயித்துக்கிழமையில ஆலைப் பேச்சு எதுக்கு?" என்றான். பிறகு சனிக்கிழமையே அளந்து வைத்துக்கொள்ளத் தொடங்கினான்.

நவம்பர் 19 அன்று அவன் பெஞ்சில் கோப்பையை வைத்தான்.

"பக்கச் சுவரும் வெளியே நகருது இப்போ" என்றான். "பேரு மட்டும் மாறல. இன்னும் சின்ன வரிசைன்னுதான் சொல்றாங்க."

"அளவைச் சொல்லு."

அவன் சொன்னான். எர்வின் சட்டைப்பையைத் தடவினார். ஞாயிற்றுக்கிழமையாதலால் பென்சில் இல்லை. திங்கள் காலை எழுதினார். இருபத்தேழாம் அட்டை, கடைசி வரி:

நீளம் முப்பத்தொரு அடி. மேல் திருகு எழுபத்தொன்பது அங்குலம்.