கோழிக்கு ஆகும் குளிர்ச்சி

குளிர்ச்சி என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு சொல்லின் மேல் போய்க் கோபப்படுவார்களா என்று என் கணவர் கேட்பார். அவருக்கென்ன, கேட்பார். அவர் இளநீர் குடித்தவர். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மரியாதையைப் பாருங்கள். மாரியம்மனுக்கு மோரும் கூழும் ஊற்றிக் குளிர வைப்போம். சாமி முன்னால் ஏற்றிய விளக்கை அணை என்று சொல்ல வாய் வராது, குளிர வை என்போம். ஒரு மழை பெய்தால் காடு குளுந்திருச்சு என்று ஆண்கள் டீக்கடையில் சொல்லிக்கொள்வார்கள். கல்யாணத்தில் கண் குளிரப் பார்ப்பார்கள், மனம் குளிர வாழ்த்துவார்கள், வயிறு குளிரச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போவார்கள். சாமிக்கு, விளக்குக்கு, காட்டுக்கு, விருந்தாளிக்கு எல்லாம் ஆகிற அதே குளிர்ச்சி, பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் விஷமாகிவிடுகிறது. இது யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

என் மகள் கத்திரி வெயிலில் பிறந்தாள். மல்லசமுத்திரம் பக்கத்தில் அம்மா வீட்டுக்குத்தான் பிரசவத்துக்கு வந்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்றே அம்மா என்னை உள்ளறையில் விட்டு ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியையும் திணித்துவிட்டாள். காதில் பஞ்சு, தலையில் துண்டு, காலில் உறை. தலைக்கு மேலே ஃபேன் இருந்தது. தவறிப் போட்டுவிடுவேன் என்று அதன் ஸ்விட்சில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். மேலே காங்கிரீட் கூரை. மத்தியானத்துக்கு மேல் அது உள்பக்கமாக அனலைக் கொட்டும். மிளகு ரசம், பூண்டுக் குழம்பு, லேகியம் எல்லாம் சுடச்சுட வரும். தண்ணீர் மட்டும் வராது. கேட்டால் ஓமம் போட்டுக் கொதிக்கவைத்தது ஒரு சின்ன டம்ளரில் பாதி.

"அம்மா, நாக்கு ஒட்டிக்குதும்மா. பானைத் தண்ணி ஒரு மொடக்குக் குடும்மா."

"வேண்டாஞ்சாமி. பச்ச ஒடம்பு. குளுந்த தண்ணி குடிச்சீன்னா புள்ளைக்குச் சளி கட்டிக்கும்."

பிள்ளை தும்மினால் நான் எப்போதோ திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்ததுதான் காரணம். பிள்ளை அழுதால் நான் பஞ்சை எடுத்ததுதான் காரணம். ஆட்டையாம்பட்டியிலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கொரு பழத்தின் பெயரைச் சொல்லி, "அதெல்லாங் குளிர்ச்சி, கண்ணுலயே காட்டிராதீங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். போவதற்கு முன் கூடத்தில் உட்கார்ந்து தர்பூசணி சாப்பிட்டார்கள். கடித்து உறிஞ்சுகிற சத்தம் பஞ்சையும் தாண்டி எனக்குக் கேட்டது.

கிராமத்து நர்சு வந்தார். அறைக்குள் கால் வைத்ததுமே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜன்னலைத் தொறந்து வையுங்க, தண்ணி நெறையக் குடிக்கச் சொல்லுங்க, அப்பத்தான் பால் ஊறும்" என்று தெளிவாகச் சொன்னார். "சரிங்க நர்சம்மா, ஆகட்டுங்க நர்சம்மா" என்று அம்மா பணிவாகத் தலையாட்டி, ஜன்னலைத் திறந்து வைத்து, மோர் கொடுத்து அனுப்பினாள். நர்சின் வண்டிச் சத்தம் மறைந்ததும் ஜன்னலைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சேலத்திலிருந்து வந்தார். "வெய்யில்ல வந்தீங்க மாப்பிள்ளை, ஒடம்புக்குக் குளிர்ச்சியா இருக்கட்டுங்க" என்று அம்மா இளநீர் வெட்டிக் கொடுத்தாள். அவர் என் அறை வாசலில் நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே, அண்ணாந்து குடித்தார். ஒரு வாய் கொடுங்கள் என்று கை நீட்டினேன். அம்மா பதறி ஓடிவந்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "அத்தை சொல்றதக் கேளு" என்றார். அன்றைக்கு நான் மனதுக்குள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

இதையெல்லாம் கூடப் பொறுத்திருப்பேன். வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் கோழிப்பண்ணை இருந்தது. முட்டைக்கோழிகள். கத்திரி வந்தால் அப்பாவுக்குத் தூக்கம் போய்விடும். சூடு தாங்காமல் கோழிகள் வாயைப் பிளந்து சுருண்டு விழும். அதனால் கோழிக் கொட்டகையான செட்டின் கூரைமேல் தென்னை ஓலை வேய்ந்து, குழாய் போட்டுத் தண்ணீர் தெளிப்பார். சுற்றிலும் கோணிச்சாக்குகளைக் கட்டி நனைத்துக்கொண்டே இருப்பார். உள்ளே பெரிய ஃபேன்கள் ஓடும். குடிதண்ணீர்த் தொட்டியில் போட ராசிபுரத்திலிருந்து வண்டியில் ஐஸ் கட்டி வரும். அவர் ஆட்களிடம் கத்துவது என் சாத்திய ஜன்னல் வழியே கேட்கும்: "ஏப்பா, இன்னுங் கொஞ்சம் குளுரட்டும்! தண்ணியச் சூடாக உட்றாதீங்கப்பா, முட்டை கொறைஞ்சு போயிரும்!"

நான் லேகியத்தை விழுங்கிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கோழியாகப் பிறந்திருக்கலாம் என்று நினைத்தேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே நினைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் மகள் அழவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. காலையில் அழுது அழுது ஓய்ந்தவள், பாலுக்கு வாயைக்கூட ஒழுங்காகத் திறக்கவில்லை. எனக்கும் பால் சுரந்தால்தானே? உடம்பு அனலாகக் கொதித்தது. உதடு காய்ந்திருந்தது. விடிந்ததிலிருந்து தொட்டில் துணி நனையவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"அம்மா, புள்ள ஒண்ணுக்கே போகலம்மா!"

"வேத்து வடியுதில்ல, அதுலயே போயிருக்கும். நீ மூடிப் படு."

அம்மாவைத் தள்ளிவிட்டு எழுந்தேன். இடுக்குத் துணியைப் பிடுங்கி ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து கத்தினேன். "ஏனுங்கப்பா! இங்க வாங்க! உங்க தெர்மாமீட்டரைக் கொண்டுக்கிட்டு வாங்க!"

செட்டின் நடுத்தூணில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். அதில் ஓர் இடத்தில் அப்பா சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டிருப்பார். பாதரசம் அந்தக் கோட்டைத் தொட்டால் கோழி விழ ஆரம்பித்துவிடும். டாக்டர் சொன்னால் நம்பாத அப்பா, நர்சு சொன்னால் காதில் வாங்காத அப்பா, அந்தக் கண்ணாடிக் குழாய் சொன்னால் நம்புவார். அது எனக்குத் தெரியும்.

ஏதோ விபரீதம் என்று அதைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். பிரசவ அறைக்குள் அதுவரை வராதவர் வாசலில் தயங்கினார். நான் வாங்கித் தொட்டில் கயிற்றில் கட்டினேன். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பாதரசம் கோட்டைத் தொட்டது. தொட்டு, மேலே போனது.

"இந்தச் சூட்டுல கோழி நிக்காதே" என்றார் அப்பா.

"கோழியும் புள்ளையும் ஒண்ணுங்களா?" என்றாள் அம்மா.

"கோழிக்கே ஆகாதுங்கறேன்."

அப்பா உள்ளே வந்து ஜன்னலின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தார். பிளாஸ்திரியைக் கிழித்து ஃபேனைப் போட்டார். ஈரத்துணியால் மகளை நான் துடைக்கத் துடைக்க, அவள் முனகி, பிறகு வீறிட்டு அழுதாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போக அப்பா கார் சாவியைத் தேடி எடுத்தார்.

அம்மா அசையவில்லை. கூச்சல் போடுவாள் என்று நானும் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ பொறந்தப்ப இதே ரூம்புலதான் கெடந்தனுங்க. இதே கத்திரி. ஒரு மொடக்குத் தண்ணிக்கு உங்கம்மாகிட்ட அழுதேன், உங்களுக்குக் கேட்டுதுங்களா இல்லீங்களா?"

அப்பா சாவியோடு நின்றார்.

"அப்பவும் கோழி இருந்துச்சுங்க. அப்பவும் நீங்க சாக்கை நனைச்சுக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தீங்க."

தொட்டில் கயிற்றிலிருந்த தெர்மாமீட்டரை அவர் கழற்றவில்லை. அம்மா சமையலறைக்குப் போய் மண்பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். நிறுத்தாமல் குடித்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை. மீதியை அவள் வாங்கி, அப்பா பார்க்கப் பார்க்க, அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.