திருவிழாப் பந்தலில் மின்கிதார்

என் தம்பி கிதாரைக் கையில் எடுப்பதற்கு முன்பே நான் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் பாடகர் குழுத் தலைவனாக எட்டு ஆண்டுகள் இருந்திருந்தேன். திருச்சியில் படித்துப் பி.ஏ., பி.டி. முடித்தவன், திண்டுக்கல்லில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியன். கோவிலின் கால்மிதி ஆர்மோனியத்தை வாசிக்க என்னைத் தவிர வேறொருவரை யாரும் அழைத்ததில்லை. வடமதுரைச் சாலையில் நான் சைக்கிளில் போனால் எதிரே வரும் மாணவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய தகப்பன்மார்களும் இறங்கி நின்று வணக்கம் சொல்வார்கள். பெருமைக்காக இதை எழுதவில்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

தம்பி என்னைவிடப் பதினொரு வயது இளையவன். நூற்பாலை ஒன்றில் எலக்ட்ரீஷியன். எங்கள் தந்தை இறந்த பிறகு என் வீட்டில்தான் இருந்தான். அறுபதுகளின் நடுவில் செய்தி கேட்பதற்காக நான் ஒரு வால்வு ரேடியோ வாங்கினேன். மாலையில் வேலை முடிந்து வந்ததும் அவன் இலங்கையிலிருந்து வரும் ஆங்கிலப் பாட்டு நிகழ்ச்சிக்கு முள்ளைத் திருப்பிவிடுவான். மின்கிதார்களோடு நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து பாடும் பாட்டுகள். அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. சொற்களை அவன் பொருட்படுத்தவும் இல்லை. பாடுகிறவர் நிறுத்திக்கொண்டு கிதார் மட்டும் தனித்து வரும் அந்த அரை நிமிடத்துக்காகவே ரேடியோவின் அருகில் காதை வைத்து உட்கார்ந்திருப்பான்.

அந்தக் கிதார்காரர்களில் ஒருவரையும் எங்கள் ஊர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கடைவீதி முடிதிருத்தகத்தில், ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த படமொன்று கண்ணாடியின் ஓரத்தில் ஏறிவிட்டது. நெற்றியை மறைத்து முடி விழவேண்டும் என்று கல்லூரி மாணவர்கள் அதைக் காட்டி வெட்டச் சொன்னார்கள். கால்சட்டைகள் இறுகின. எனக்கு வழக்கமாகத் தைக்கும் தையற்காரர், "காலு உள்ள போறது வரைக்கும்தான் சார் என் பொறுப்பு, வெளிய எடுக்குறது அவுக பாடு" என்றார். வகுப்பில் பரீட்சை அட்டையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு விரலால் மீட்டியவர்களை நான் வெளியே நிறுத்தியிருக்கிறேன். கல்யாண வரவேற்புகளுக்கு வரும் மதுரை மெல்லிசைக் குழுக்களில் கிளாரினெட்காரர் பின்வரிசைக்குப் போய், கிதார்காரர் முன்னால் வந்து நின்றார்.

பங்குச் சாமியின் வீட்டில் ஒரு பழைய மரக் கிதார் நரம்பில்லாமல் கிடந்தது. முன்பு இருந்த வெளிநாட்டுக் குருவானவர் விட்டுச்சென்றது. தம்பி அதைக் கேட்டு வாங்கி வந்தான். மதுரையில் எஃகுத் தந்தி வாங்கிக் கட்டினான். பழைய டெலிபோன் ஒன்றின் காதில் வைக்கும் பாகத்தைப் பிரித்து, கிதாரின் வயிற்றில் ஒட்டி, அதிலிருந்து வயர் இழுத்து, தானே கட்டிய சிறு ஆம்ப்ளிஃபயர் வழியாக ரேடியோவில் சேர்த்தான். வாசிக்கச் சொல்லித்தர ஆள் இல்லை. ரேடியோவில் கேட்டதை விரலில் தேடிக்கொண்டே ஓராண்டு போயிற்று.

"அண்ணே, செத்த கேளுங்க. நம்ம நாயனக்காரரு இழுக்குறாருல்ல, அதையேதான் இவங்க தந்தியில இழுக்குறாங்க."

"நாயனக்காரரு இழுத்தா சுரத்துல போய் நிக்கும். நீ இழுத்தா எங்கடா போய் நிக்கும்?"

"போய் நிக்கிற வரைக்கும் நீங்க எங்க கேக்குறீங்க? அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிர்றீங்களே."

என் மனைவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அவன் விரல் சுத்தமாகவே பேசியது, சுரம் தவறவில்லை. அதை அவனிடம் நான் சொன்னதில்லை.

மில்லின் ஆண்டு விழாவில் அவன் வாசித்ததைக் கேள்விப்பட்டு, மதுரையில் மெல்லிசைக் குழு நடத்தும் ஒருவர் ஆள் விட்டிருந்தார். அவருடைய கிதார்காரர் விலகிப் போயிருந்தார். எங்கள் பங்குத் திருவிழாவுக்கு வந்து நேரில் கேட்பதாகவும், பிடித்தால் முகூர்த்தங்கள் தொடங்குமுன் சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லியனுப்பினார். தம்பிக்குக் கிடைத்தது அந்த ஒரு பிற்பகல்தான். மில்லுக்கு ராஜினாமாக் கடிதம் எழுதி, ஆங்கிலத்தைத் திருத்தித் தரும்படி என்னிடம் நீட்டினான். இரண்டு இடங்களில் திருத்திக் கொடுத்தேன்.

திருவிழாவன்று சப்பரம் புறப்படுவதற்கு முன், பிற்பகலில் பாடகர் குழு பந்தலில் ஒரு மணி நேரம் பாடுவது எங்கள் வழக்கம். மைக் செட்காரர் ஒலிபெருக்கிக் குழாய்களைத் தென்னை மரங்களில் நாலு திசையையும் பார்த்துக் கட்டிவிடுவார். கிணற்று மேட்டில் இருப்பவர், பூத்தோட்டத்தில் குனிந்திருப்பவர், சாலையோரத்தில் டீ குடிப்பவர் அனைவரும் கேட்பார்கள். எந்தப் பாட்டில் யார் குரல் உடைந்தது என்று மறுநாள் சந்தையில் என்னிடமே சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடத்தைத் தம்பிக்கு ஒதுக்கியவன் நான். பங்குச் சாமி, "மாதா பாட்டுத்தானே வாசிப்பான்?" என்று கேட்டபோது, "மாதா பாட்டுத்தான் சாமி" என்று பொறுப்பேற்றவனும் நான்.

மாதா பாட்டைத்தான் வாசித்தான். முதல் சுற்றை ஒழுங்காக வாசித்தான். கூட்டம் அமைதியாகக் கேட்டது. இரண்டாம் சுற்றில், மைக் செட்டோடு இணைத்திருந்த தன் ஆம்ப்ளிஃபயரின் திருகை முழுவதும் திருப்பிவிட்டு ஒரு தந்தியை அழுத்தி இழுத்தான். ஓசை கீறியது, துணி கிழிவதுபோல நீண்டுகொண்டே போய், மேலே சரியான சுரத்தில் நின்றது.

மைக் செட்காரர் பதறிப்போய் மரத்தில் ஏறினார். குழாயின் பின்புறமுள்ள யூனிட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். கீறல் போகவில்லை. அடுத்த மரத்துக்கு ஓடினார். அதன் பிறகு மூன்றாவது மரம். "செட்டுக்கு வயித்து வலியப்பு, சுக்குத்தண்ணி குடுங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, பந்தல் சிரித்தது. தம்பி தலை நிமிரவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தான். முன்வரிசையில் மதுரைக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்து, கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மைக் செட்காரர் வியர்வையோடு ஆர்மோனியத்தின் அருகில் வந்தார்.

"வாத்தியாரய்யா, மூணு யூனிட்டு மாத்திட்டேன். என் பேரு கெட்டுப்போகும். தம்பி வாசிக்கிறதே இப்படித்தானா, இல்ல என் செட்டு கிழிஞ்சிருச்சா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

பங்குச் சாமி திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும். அதே கீறலை என் வீட்டு ரேடியோவில் எத்தனையோ மாலைகளில் கேட்டிருந்தேன். அவன் அதை வேண்டுமென்றே வரவழைக்கிறான் என்பதும் தெரியும். வாசிப்பே இப்படித்தான் என்றால் பாடகர் குழுத் தலைவனின் தம்பி மாதா பாட்டைக் கிழித்தான் என்று நாலு திசைக்கும் தெரிந்துபோகும். செட்டில் கோளாறு என்றால் யாருக்கும் குறையில்லை.

"செட்டுலதான் கோளாறு. நிப்பாட்டுங்க" என்றேன்.

நிறுத்திவிட்டார். தம்பியின் விரல்கள் இன்னும் இரண்டு வரி ஓடின. தந்தியின் ஓசை இரண்டாம் வரிசைக்குக்கூட எட்டவில்லை. என்னிடமிருந்து மூன்று கை தூரத்தில்தான் அவன் நின்றிருந்தான். நான் சொன்னது அவன் காதில் விழுந்திருந்தது. கிதாரைக் கீழே வைத்தான். சற்றுப் பொறுத்து செட்டை மறுபடி போட்டார்கள். நான் அடுத்த பாட்டைத் தொடங்கினேன். அது தெளிவாகவே ஒலித்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் மதுரைக்காரர் தம்பியிடம் வந்தார்.

"கை நல்லாருக்கு தம்பி. ஆனா எது உங்க சத்தம், எது செட்டுக் கோளாறுன்னு எனக்குப் பிடிபடல. இன்னொருத்தரு வேற கேட்டுக்கிட்டிருக்காரு, முகூர்த்தமும் நெருங்கிருச்சு. தப்பா நெனைக்காதீங்க."

வெயில் தாழுமுன் பஸ் ஏறிப் போய்விட்டார். சப்பரம் திரும்பிய பிறகு நாங்கள் இருவரும் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

"செட்டுல கோளாறு இல்லன்னு ஒங்களுக்குத் தெரியும்லண்ணே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"சாமி பாத்துக்கிட்டிருந்தாரு."

மறுநாள் காலை அவன் அந்த ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காமலே ஷிப்டுக்குப் போனான். ஓய்வு பெறும்வரை அதே மில்லில் இருந்தான்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. அதே பங்குச் சாமி பாடகர் குழுவுக்குக் கிதார் வேண்டும் என்றார். சினிமாப் பாட்டுகளில் கிதார் இல்லாத பாட்டு அரிதாயிற்று. அந்தக் கீறல் ஓசையை உண்டாக்குவதற்கென்றே காலால் மிதிக்கும் ஒரு கருவியை வெளிநாடுகளில் விற்கிறார்கள் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் முழுவதும் படிக்கவில்லை. "தெரியும்ணே" என்று திருப்பித் தந்தான்.

இப்போது பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். பங்கு வெளியிட்ட விழா மலரில், கோவிலுக்குக் கிதாரைக் கொண்டுவந்தவன் நான் என்று அச்சிட்டிருக்கிறார்கள். கொண்டுவந்தவன் என் தம்பி. திருவிழாவில் நான் வயரைப் பிடுங்கி எறிந்ததாகவும், கிதாரைக் கிணற்றுச் சுவரில் அடித்து உடைத்ததாகவும் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். இரண்டையும் நான் செய்யவில்லை. இன்னும் சிலர், மட்டமான செட்டைக் கொண்டுவந்து மைக் செட்காரர்தான் என் தம்பியின் வாய்ப்பைக் கெடுத்தார் என்கிறார்கள். அதுவும் சரியல்ல. அன்று செட்டில் எந்தக் கோளாறும் இல்லை.