ஒஸ்வால்டின் சட்டைப் பையில் இருந்த துண்டு

ஒருகொடவத்தைக் கண்டெய்னர் யார்டில் ஒஸ்வால்ட் ஒரே பகலில் நூறு பாம்பு அடித்தான் என்று கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நூறு கொஞ்சம் கூடத்தான். நாலு. அதிலும் ஒன்று சாரை.

ஒஸ்வால்ட் என் தங்கை டோரினின் கணவன், யார்டில் கணக்கெழுதும் கிளாக்கர். தொண்ணூற்றொன்பதில் கண்டெய்னர் பெட்டிக்கு அடியில் கிடந்த புடையன் பாம்பு அவன் காலைக் கடித்தது. ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றிய சில நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்தது. விஷம் போதாதென்று மருந்தும் கொல்லப் பார்த்தது. அட்ரினலின் ஊசிதான் ஆளை மீட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்: இவருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, மறுபடி ஏற்ற வேண்டி வந்தால், முதலில் கொஞ்சம் அட்ரினலின் போட்டுவிட்டு ஏற்றவும்.

ஒஸ்வால்ட் அதைக் கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்தான். தினமும் வேலைக்கு இறங்கும்போது பையைத் தட்டிப் பார்ப்பான்.

"என்ன ஒஸ்வால்ட், டோரினுக்குத் தெரியாம யாற்ற கடிதம்?" என்பேன்.

"என்ட உயிர் மச்சாள். ஐடென்டி கார்டை மறந்தாலும் இதை மறக்கமாட்டன்."

இரண்டு வருஷம் தட்டினான். பிறகு ஒரு மத்தியானம் நாகம் கடித்தது. லொறி டிரைவர் மஜீட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். போய்ச் சேரும்போது ஒஸ்வால்டுக்கு நாக்குப் புரளவில்லை. பையைத் தட்டித் தட்டிக் காட்டினானாம். மஜீட் உறையை எடுத்தார். உள்ளே அந்தோனியார் படம் மட்டும். கும்பிடக் கேட்கிறான் என்று நினைத்து, படத்தை அவன் கையிலேயே வைத்தார்களாம்.

மருந்து ஏறியது. மூச்சு அடைத்தது. இந்த முறை அட்ரினலின் பிந்திவிட்டது.

துண்டுக்கு என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கதை வைத்திருக்கிறேன். பேலியகொடைப் பாலத்தில் நின்று யாருக்கோ எடுத்துக் காட்டிப் பெருமையடித்தான்; காற்றுப் பறித்து ஆற்றில் போட்டது; மீன் விழுங்கியது.

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த டோரின் நிமிர்ந்தாள்.

"அவர் துலைக்கேல்லை அக்கா. செத்தவர்ல பழி போடாதேங்கோ. ஒரு வருஷம் பாம்பு தீண்டாட்டி அந்தத் துண்டைக் காணிக்கையா வைக்கிறன் எண்டு அந்தோனியாருக்கு நேர்ந்தது நான். அவர் குளிக்கேக்க அதை எடுத்துட்டு, உறை வெறுமையா இருக்கக் கூடாதெண்டு படத்தை வைச்சதும் நான்தான். கடைசி ஒரு வருஷமும் அவர் தட்டினது அந்தப் படத்தை."