பூக்கார அக்கா கேட்ட கேள்வி

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். திருவண்ணாமலையில் தங்கியது சாமிக்காக இல்லை, மாத்திரைக்காக. எச்ஐவிக்கு மாதாமாதம் இங்கே அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள்.

அந்த மாத்திரை வரிசையில் நிற்கும் எங்களுக்குள் ஒரு பழக்கம். உள்ளே சிரித்துப் பேசுவோம். வெளியே பார்த்தால் யாரோ எவரோ என்று போய்விடுவோம்.

செங்கம் சாலைப் பள்ளிக்கூடத்தில் கொரோனா தடுப்பூசி போட்டார்கள். என் மாத்திரையோடு அது ஒத்துக்கொள்ளுமா என்று பயம். இரண்டு முறை போய், கேட்க வாய் வராமல் திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை எனக்கு முன்னால் கிரிவலப் பாதையில் பூ விற்கும் அக்கா நின்றிருந்தாள். மாத்திரை வரிசையில் பழக்கம். வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வேற வியாதி எதனா இருக்குதாம்மா?" என்றார் நர்ஸ்.

"எச்ஐவி இருக்குதுங்க. பத்து வருஷமா மாத்திரை போடறேன். ஊசி போட்டுக்கலாமா?"

எனக்குப் பின்னால் வரிசை நாலடி விலகியது. அக்கா திரும்பினாள்.

"கொரோனாவுக்கு இடிச்சிக்கினு நின்னீங்க. இதுக்கு ஏன்யா ஓடறீங்க?"

நர்ஸ் சிரித்துவிட்டார். "நீங்க கண்டிப்பா போட்டுக்கணும்மா. மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க."

அடுத்து என்னிடம் அதே கேள்வி.

"எனக்கும் எச்ஐவிதாங்க," என்றேன், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி.

ஊசி போட்டுக்கொண்டு வந்தபோது அக்கா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "வாடா தம்பி. இன்னிக்காவது என்னைத் தெரிஞ்சுதா?"

இப்போதெல்லாம் தேரடித் தெருக் கூட்டத்தில் பார்த்தாலும் "அக்கா!" என்று கத்திக் கூப்பிடுகிறேன். எப்படிப் பழக்கம் என்று யாராவது கேட்டால், அதையும் சொல்கிறேன்.