ஆயாக் கொட்டகைக்கு வராத ஊசி

மலேசியாவில், சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் டிரசராக இருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் காயத்துக்குக் கட்டுவதும் ஊசி போடுவதும் என் பாடு. எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் ஈப்போவில் ஃபுளூ காய்ச்சல் பரவியது. கம்பெனி எங்களுக்குச் சின்னப் பெட்டியொன்றில் தடுப்பூசி அனுப்பியது. திறந்ததுமே எல்லாருக்கும் போதாது என்று தெரிந்துவிட்டது.

யாருக்கு முதலில்? எனக்கு அதில் குழப்பமே இல்லை. ஆயாக் கொட்டகை அஞ்சலையக்காவுக்கு. தாய்மார்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விட்டால், தொழிலாளர் லயத்துக் கைக்குழந்தைகள் அத்தனையும் அவள் மடியில்தான். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இழுப்பு வேறு. பச்சைப் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போடக் கூடாது. தூக்கி வைத்திருப்பவளுக்குப் போட்டால்தான் அவர்களுக்கும் காவல். இதைப் பெரிய கிராணியிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீஸுக்கே தலை.

"டிரசர், நீர் ஊசியைப் போடும். வரிசையை நான் பார்க்கிறன்," என்றார்.

தோட்டத்தில் எது வந்தாலும் ஒரு வரிசை உண்டு. தீபாவளி பிஸ்கட் டின்கூட அப்படித்தான் இறங்கும்: துரை பங்களா, ஆபீஸ், வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கள், பிறகு லயம். ஊசியும் அதே வழியில் இறங்கியது. துரைக்கும் துரைசாணிக்கும் போட்டேன். கிராணி மகனுக்குப் போட்டேன்; பள்ளிக்கூடத்தில் பந்தாடும் தடியன் அவன். மண்டோர்களோடு பெட்டி காலி.

அஞ்சலையக்கா இடுப்பில் ஒரு பிள்ளையோடு வரிசையின் கடைசியில் நின்றாள்.

"முடிஞ்சிருச்சா டிரசரய்யா? பரவால்ல லா. நமக்கு எப்பவும் கடைசிதானே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் வருகிறது.

கொஞ்ச நாளில் காய்ச்சல் லயத்துக்குள் வந்தது. அவள் இருமிக்கொண்டே வேலை பார்த்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னேன். "நா போனா இதுங்கள யாரு பாக்குறது? ஆத்தாளுங்க காட்டுல நிக்கிறாளுங்க," என்றாள். இழுப்பு முற்றியதும் தோட்டத்து லாரியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிரோடு திரும்பவில்லை. பிள்ளைகளுக்கும் காய்ச்சல் கண்டது, நல்லவேளை, பிழைத்துக்கொண்டன.

கொட்டகை மூடியது. தாய்மார்கள் பிள்ளைகளோடு வீட்டில் தங்கிவிட்டார்கள். நிரை நிரையாக மரங்கள் வெட்டாமல் நின்றன. ஸ்டோருக்கு வரும் ரப்பர் பால் பாதியாகக் குறைந்த பிறகுதான் ஆபீஸுக்கு உறைத்தது.

அடுத்த வருஷம் ஊசிப் பெட்டி வந்த அன்றே கிராணி ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தார்.

"முதல்ல புது ஆயாவுக்குப் போடும். கொட்டகை மூடினால் பால் குறையும் எண்டு துரை சொல்லுறார்."

"போன வருஷமே நான் இதத்தானே சொன்னேன், சார்?"

"அப்ப நீர் பாலைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே," என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். யாருடைய நெஞ்சு தாங்காது, யாருடைய கையில் குழந்தை இருக்கிறது என்று பார்த்து ஊசியை எடுங்கள். மேலே கேட்கப் போகும்போது மட்டும் உயிர் போகும் என்று சொல்லாதீர்கள். பால் குறையும் என்று சொல்லுங்கள். அஞ்சலையக்கா போன பிறகுதான் எனக்கே இது விளங்கியது.