பங்குக்காக முழுதாக வந்த மான்

கிரெய்கிபர்னில் குடியேறிய எங்கள் தமிழ் ஆட்களுக்குள் ஒரு வழக்கம்: இறைச்சியை எல்லார் முன்னாலும் வெட்டித்தான் பங்கு போட வேண்டும். அந்த வழக்கத்தால் சென்ற கோடையில் பெரிய விபரீதம் நடக்கப் பார்த்தது.

லைசன்சோடு வேட்டைக்குப் போன சுதன் அண்ணா காலையிலேயே ஒரு மானைச் சுட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

"அண்ணா, இங்கேயே குடலை எடுத்து, தோலுரிச்சு ஆற விடோணும். புத்தகத்தில போட்டிருக்கு."

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் அவருக்கு நான் எப்போதும் புரொபசர்.

"ஓம் புரொபசர்! வெட்டிக்கொண்டு போனா, நல்ல துண்டை ஒளிச்சிட்டம் எண்டு கதைப்பினம். முழுசாக் கொண்டு போவம்."

மானை வண்டியில் ஏற்ற நானும் கை கொடுத்தேன். வெயிலில் தார்ப்பாயால் மூடி நெடுந்தூரம் கொண்டுவந்தோம்.

எல்லார் முன்னாலும் உரித்து வெட்டிப் பங்கு பிரித்தோம். எல்லாரும் போன பிறகு, எங்களுக்கு வைத்திருந்த பின்தொடையை வெட்டினேன். வெளியே நல்ல சிவப்பு. உள்ளே எலும்பைச் சுற்றிப் பச்சை பூத்து நாறியது.

பங்கு வாங்கிப் போனவர்களில் பக்கத்துத் தெருவில் இருக்கும் சுமதி அக்கா கர்ப்பிணி. போன் எடுக்கவில்லை. ஓடினேன். குசினியில் அடுப்புக்கு முன்னால் ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து ஊதிக்கொண்டு நின்றார்.

"வாரும் தம்பி, உப்புப் பாரும்."

"வாயில வைக்காதேங்கோ அக்கா! பழுதாப் போச்சு!"

கரண்டி கீழே விழுந்தது. மற்றவர்களுக்கும் சொல்லி, அத்தனை பங்கையும் குப்பையில் போட வைத்தோம்.

இப்போது மான் விழுந்த இடத்திலேயே குடல் எடுத்து, தோலுரித்து, நிழலில் ஆறவிட்டு, ஐஸ் பெட்டியில்தான் கொண்டு வருகிறோம். சந்தேகப்படுகிறவர்களைக் காட்டுக்கே வரச் சொல்கிறோம். இதுவரை ஒருவரும் வரவில்லை. பங்குக்கு மட்டும் எல்லாரும் வருகிறார்கள்.